கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி

என் லேப்டாப் திரையில் கடல் வெறும் வெளிர்நீலம். அதன் குறுக்கே நான் சிவப்பில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன். கோட்டுக்கு மேற்கே இருந்தால் அண்ணன் காலையில் வீட்டுக்கு வருவான். கிழக்கே போய்விட்டால் இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போவார்கள், எப்போது வருவான் என்று யாராலும் சொல்ல முடியாது. இராமேஸ்வரம் தீவில் எங்கள் தெருவில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் ஒருமுறை போனார். ஆள் திரும்பி வந்தார், வள்ளம் வரவில்லை. இப்போது அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போகிறார்.

சிக்கல் என்னவென்றால் கடலில் கோடு கிடையாது. சாயங்காலம் வலையை மிதக்கவிட்டு எஞ்சினை அணைத்துவிட்டால், அதன்பிறகு காற்றும் நீவாடும்தான் ஓட்டுநர்கள். நீவாடு என்றால் நீரோட்டம். அது போட்டை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. அண்ணனிடம் ஜிபிஎஸ் கருவி இருந்தது. ஆனால் யாராவது முழித்திருந்து அதைப் பார்க்க வேண்டுமே! போட்டில் போகும் மூன்று பேரும் வலை போட்ட அலுப்பில் அசந்துவிடுவார்கள். எனவே பார்க்காமலே எச்சரிக்கிற ஒரு பெட்டி செய்வது, அது இருக்கும் இடத்தை எங்கள் மொட்டை மாடி ஏரியலுக்கு ரேடியோவில் அனுப்பவைப்பது. அந்த வருடம் முழுக்க எனக்கு இதே வேலை.

அண்ணனுக்காக மட்டுமே செய்தேன் என்று சொன்னால் பொய். எனக்கு எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறேன். சம்பளம் வந்த மறுநாளே ஆன்லைனில் ஏதாவது பார்சல் வந்துவிடும். "மத்த பிள்ளைக வளவி வாங்குது. இந்தக் கழுத ஒயரு வாங்குது" என்பாள் அம்மா.

எனக்குக் கூட்டாளி ஒருத்தி. கல்லூரியில் பக்கத்து பெஞ்ச். ஊர் தொண்டி என்பதால் வகுப்பே அவளைத் தொண்டிக்காரி என்றுதான் கூப்பிடும். சர்க்யூட் போர்டைப் பார்த்தாலே என்னைப்போல அவளுக்கும் கை அரிக்கும்.

ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நான் சென்டர் மாடியில் ஏரியலைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதுகுளத்தூர் பஸ்ஸில் ஏறினாள். ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். சிக்னல் செத்துவிட்டது. போன் பண்ணினாள்.

"இங்கன ரெண்டு பக்கமும் கருவேலக்காடுடி. உன் சிக்னல முழுசாத் தின்னுட்டு நிக்கிது."

"ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பாரேன்."

"நீட்டுனேன். கண்டக்டர் அதுக்குத் தனியா டிக்கெட் எடுக்கச் சொல்றாரு."

கடலில் மரம் கிடையாதே என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனுஷ்கோடிக்குப் போனோம். முனைக்குப் போனதுமே எங்கள் போன்கள் இரண்டும் இலங்கை டவரைப் பிடித்துக்கொண்டு, 'வெளிநாட்டுக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் அனுப்பின. அங்கிருந்து தங்கச்சிமடத்தில் என் மாமா வீட்டு மாடியில் வைத்திருந்த ஏரியலுக்குச் சிக்னல் போனதைப் பார்த்து நாங்கள் குதித்துக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"எதுக்கும்மா இது ஏரியல்? அங்கிட்டு யார்ட்டப் பேசுறீங்க?"

கரையோரத்தில் ரேடியோ என்ற வார்த்தையே வில்லங்கம். தொண்டிக்காரிதான் பேசினாள். பெட்டியைத் திறந்து காட்டினாள், கோட்டைக் காட்டினாள், எங்கள் அடையாள அட்டைகளைக் காட்டினாள். அவர் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை எங்களை மணலிலேயே உட்கார வைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் போனைப் பார்த்துவிட்டு, "போங்க, இனிமே சொல்லிட்டு வாங்க" என்றார். இரண்டடி போயிருப்போம், திரும்பக் கூப்பிட்டார்.

"ஏம்மா, என் மச்சான் புல்லட்டக் களவு குடுத்துட்டு நிக்கிறான். இதை மாட்டிருந்தா கண்டுபிடிச்சிருக்கலாமோ?"

கிறிஸ்துமஸ் வந்தபோது பெட்டியை ஓரங்கட்டிவிட்டுக் குடில் ஜோடிப்பில் இறங்கினேன். மூன்று ராஜாக்களும் மோட்டாரில் தானாக நகர்ந்து பாலனிடம் போக வேண்டும். தெருவே வந்து பார்த்தது. பொத்தானை அழுத்தினேன். ராஜாக்கள் பின்னோக்கி நடந்து வைக்கோல்போருக்குள் போய்விட்டார்கள். அண்ணன் மகள், "அத்த, ராஜாவுக்கெல்லாம் பயமா?" என்றாள். அண்ணன் விடவில்லை.

"உன் ராஜாவே வழி தெரியாம போறாரு. இதுல நீ எனக்கு வழி காட்டப் போறியாக்கும்."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. நான் வைக்கோலைக் கிளறி ராஜாக்களை வெளியே எடுத்தேன். பொம்மையில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் பின்னால் போகும், அவ்வளவுதான். கடலில் மாற்றிக் கொடுத்தால்?

நோன்பு மாதத்தில் தொண்டியில் அவள் வீட்டில் தங்கிப் பெட்டியை முடித்தோம். நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு சால்டரிங். உப்புக்காற்றில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்ததில், எச்சரிக்கைக்கு வைத்திருந்த பஸ்ஸர் துருவேறி முனகலாகிவிட்டது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கோட்டை நெருங்கினால் தூங்குகிறவன் இமையிலும் அடிக்கிற மாதிரி விட்டுவிட்டு எரிகிற பெரிய சிவப்பு லைட் ஒன்றை வைத்தோம். மூடியை ஒட்டுவதற்கு முன்னால், எங்கள் வீட்டில் என் அம்மா ஒரு சின்ன மாதா படத்தை உள்ளே செருகினாள். "பேட்டரிக்கு இடைஞ்சல்மா" என்றேன். "மாதாவுக்குப் பேட்டரிதான் இடைஞ்சல்" என்றாள்.

போட் மந்திரிக்கும் நாளில் பெட்டியையும் கரைக்குக் கொண்டுபோனோம். ஃபாதர் தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "ஃபாதர், மூடிமேல கொஞ்சம் கம்மியா..." என்றேன். "ஏம்மா, நடுக்கடலுக்குப் போற சாமான், இந்தத் தண்ணிக்கா பயப்படுது?" என்று கேட்டுவிட்டு இன்னொரு தடவை தெளித்தார்.

பெட்டி வேலை செய்தது. அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. அண்ணன் போட் எங்கே போகிறது என்று எங்கள் மாடியிலிருந்தே திரையில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அண்ணன் மனைவி, என் மதினி, கேட்டாளே என்று அவள் போனிலும் அந்தக் கோடும் புள்ளியும் வருகிற மாதிரி செய்து கொடுத்தேன். அதன்பிறகு அவள் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள், எழுந்ததும் அதைத்தான் பார்ப்பாள். "முன்னெல்லாம் கதவு தட்டுற சத்தம் கேக்குற வரைக்கும் தூக்கமே வராது. இப்ப அவுக கூடவே போற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு அதற்குமேல் எந்தச் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை.

மே மாதம் அண்ணன் மகளுக்குப் புதுநன்மை. ஞாயிற்றுக்கிழமை பூசை, அதன்பிறகு வீட்டில் விருந்து. முதல் தடவை நற்கருணை வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் அப்பாவும் அம்மாவும் நிற்க வேண்டும். அவள் வெள்ளைக் கவுனைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் தூக்குவாளியை எடுத்தான்.

"ஒரு நா போகாட்டி என்ன?" என்றாள் மதினி.

"தடைக்காலம், விசைப்படகு எதுவும் இல்ல. இப்பத்தான் நமக்கு நாலு மீன் கிடைக்கும். விருந்துக்கு வாங்குன மீனையா போடச் சொல்ற? சனிக்கெழம காலைல வந்துருவேன்."

சனிக்கிழமை விடியும்போது நான் திரையைத் திறந்தேன். புள்ளி சிவப்புக் கோட்டின்மேல் உட்கார்ந்திருந்தது.

முதலில் என் கோடிங்கைச் சந்தேகப்பட்டேன். அப்படிச் சந்தேகப்படுவது எவ்வளவு ஆறுதலாக இருந்தது! எல்லாவற்றையும் அணைத்துப் போட்டேன். புள்ளி கோட்டுக்குக் கிழக்கே வந்தது. மறுபடி பார்த்தேன். இன்னும் கிழக்கே. செய்திகளும் விட்டுவிட்டு வந்தன. வழக்கமாகத் தெளிவாக வரும் சிக்னல் அன்று இருமல்காரன் பேச்சு மாதிரி அறுந்து அறுந்து வந்தது. ஏரியலை உடைத்துவிட்டார்களா? பெட்டியைப் பிடுங்கி எங்காவது போட்டு வைத்திருக்கிறார்களா? அண்ணன் போனுக்கு அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே.

தொண்டிக்காரியைக் கூப்பிட்டேன். அவள் அழவிடவில்லை.

"வேகத்தப் பாரு. போட்டக் கட்டி இழுத்துட்டுப் போனா இப்படியா போகும்? நடந்து போற மாதிரில்ல போகுது."

"அப்ப எஞ்சின் ரிப்பேரா இருக்குமா?"

"இன்ஷா அல்லா, அதுவாத்தான் இருக்கும்."

நட்டநடுக் கடலில் எஞ்சின் ரிப்பேராகியிருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் வேண்டிக்கொண்டோம்.

மதினி படியேறி வந்தாள். கையில் போன். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதே புள்ளி அவள் போனிலும் தெரியும் என்பதையே மறந்துவிட்டேன்.

"இந்தா, இது சரியாத்தான காட்டும்?"

வருடம் முழுக்க யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். ஆமாம், மிகச் சரியாகக் காட்டும் என்று மார்தட்டக் காத்திருந்தேன். அன்று ஏரியல் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். அவள் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். இஸ்திரிப் பெட்டியை அணைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் அம்மா செபமாலையை ஆரம்பித்துவிட்டாள்.

கரைக்குப் போனேன். அங்கே எதிர்வீட்டுக்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதில் இல்லை. "மெஷின் சொல்லுதுன்னு பதறாதீக. கிறிஸ்துமஸ்ல ராஜா போன மாதிரிப் போகுதோ என்னவோ" என்றார் ஒருவர். எதிர்வீட்டுக்காரர் அவரை முறைத்துவிட்டு மறுபடி வயர்லெஸ்ஸை எடுத்தார்.

நான் மாடிக்குத் திரும்பி ஏரியலைத் திருப்பித் திருப்பி வைத்தேன். அண்ணன் மகள் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்றிருந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை.

"அத்த, அப்பா போட்."

"இல்லடா. அது வேற ஆரு போட்டாச்சும் இருக்கும்."

"நீல மூக்கு. நம்ம போட்டுதான்."

நிமிர்ந்தேன். நீல முனை. அண்ணனின் அழுக்குத் தலைப்பாகை. அவன் கைதான் சுக்கானில். திரையைப் பார்த்தேன். புள்ளி கோட்டுக்கு அந்தப் பக்கம் சாவகாசமாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் எனக்கு எதை நம்புவதென்றே தெரியவில்லை.

எல்லோரும் கரைக்கு ஓடினோம். அவன் தண்ணீரில் இறங்கியதுமே மதினி போய் இரண்டு கையாலும் அவன் தோளில் அடித்தாள். "என்ன, என்ன?" என்று விழித்தான். போட்டில் வலை இல்லை.

"பெட்டி எங்கண்ணே?"

"வலையிலதான்."

"வலையிலயா?"

"பின்ன? போட்டு எங்கிட்டுப் போயிரும், நாந்தான் அதுல உக்காந்துருக்கேன்ல. காணாமப் போறது வலைதான? அதான் நேத்து வலை முனையில மெதப்போட சேத்துக் கட்டுனேன். அந்துக்கிட்டுப் போனாலும் கண்டுபிடிச்சுரலாம்ல."

சிக்னல் ஏன் அறுந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பெட்டி அலைமட்டத்தில் மிதந்திருக்கிறது. ஒவ்வொரு அலைக்குப் பின்னாலும் ஒளிந்து ஒளிந்து பேசியிருக்கிறது.

அவன் சொன்னதைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டோம். மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று திடீரென்று வலுத்திருக்கிறது. வலை முழுக்கச் சொறி, அதாவது ஜெல்லிமீன். குழகுழவென்று கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தப் பிராணி கூட்டமாக விழுந்தால் வலை கல்லாகக் கனக்கும். மூன்று பேரும் இழுத்தும் வலை வரவில்லை. வலை போட்டை இழுத்துக்கொண்டு கிழக்கே போயிருக்கிறது. அப்போது தூரத்தில், வலையின் கடைசி முனையில், சிவப்பு லைட் மினுக்க ஆரம்பித்திருக்கிறது.

"மொனை கோட்டுக்கிட்டப் போயிருச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னும் ஒரு இழுப்புல வந்துருமோன்னு நானும் பாத்தேன். வரல. அறுத்து விட்டுட்டேன்." கையை விரித்தான். அதன்பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினான். "இப்ப எங்கன கெடக்கு? காட்டு."

"அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா எம்புட்டு? கொஞ்சந்தான?"

போட்டில் கூடப்போன மதினியின் தம்பி டீசல் கேனை ஆட்டிப் பார்த்தான். "இருக்கு மச்சான். பகல்லதான, ஒரு எட்டுப் போயி மொனையப் புடிச்சு இழுத்துட்டு வந்துரலாம். இடம் மட்டும் தெரிஞ்சாப் போதும்."

இடம் தெரிந்தது எனக்கு. அவன் இந்தப் பக்கமே இருக்க வேண்டும் என்று நான் செய்த பெட்டி, இப்போது அந்தப் பக்கம் கிடந்துகொண்டு இங்கே வா, இங்கே வா என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தேடி அலையக்கூட வேண்டாம். நேராகப் போகலாம். அதுதான் பயம்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை மூடி நெஞ்சோடு கட்டிக்கொண்டேன்.

"ஏ புள்ள, தெற."

"மாட்டேன்."

"பெட்டி உன்னோடது, சரி. வலை என் வலை. திங்கக்கெழம நான் எத வச்சுத் தொழிலுக்குப் போறது? நீ சென்டர்ல இருந்து கொண்டாந்து போடுவியா?"

"போடுறேன். நீ போகாத."

"பெரிய இவ! பொம்மய ஓட்டத் தெரியல, என்னய ஓட்டப் பாக்குறா."

அம்மா, "ஏய், நாளைக்கு நல்ல நாளு..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் அதற்குள் மதினியின் போனைத் தேடினான். ஜன்னல் கட்டையில் இருந்தது. அவன் கை போவதற்குள் மதினி எடுத்துவிட்டாள். மறுநாள் அவன் கட்டுவதற்கான வேட்டிக்குக் கஞ்சி காய்ச்சி வாளியில் ஆறவைத்திருந்தாள். போனை அதில் போட்டாள். பளக் என்று உள்ளே போய்விட்டது.

"இப்பப் பாத்துக்கங்க" என்றாள்.

கஞ்சியில் இரண்டு கொப்புளம் வந்தது. அவளுடைய தம்பி கேனை மெதுவாகக் கீழே வைத்தான். அண்ணன் சட்டையைக்கூடப் போடாமல் கரைக்குப் போய்விட்டான்.

அந்த மத்தியானம் முழுக்க நான் மாடியிலேயே இருந்தேன். இடம் தெரியாவிட்டாலும் திசை அவனுக்குத் தெரியும். கடலில் பிறந்தவனுக்கு அதுவே போதும். நீல முனை கட்டிய இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதில் ஏறி உட்கார்ந்தான். இறங்கினான். மறுபடி ஏறினான். எஞ்சினைத் தொட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அவன் அதைத் துடைத்துவிட்டுச் சாக்கைப் போட்டு மூடினான்.

சாயங்காலம் வந்தான், கையில் சாக்குப்பை. உள்ளே மீன். அடுத்த போட்டில் விலைக்கு வாங்கியிருக்கிறான். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு அரிவாள்மனையை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் அண்ணன் மகள் கைகூப்பிக்கொண்டு நடந்தாள். பின்னால் மதினி, பக்கத்தில் அண்ணன். கஞ்சி போடாத வேட்டி துவண்டு கிடந்தது. நற்கருணை வாங்கியதும் பிள்ளை திரும்பி அப்பா நிற்கிறாரா என்று பார்த்தாள். நின்றான். அதைப் பார்த்ததும் எனக்கு முந்தின நாள் காலையிலிருந்து வராத அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

விருந்தில் தொண்டிக்காரியும் வந்து உட்கார்ந்தாள். அண்ணன் பந்தி பரிமாறினான். அவள் இலையில் மீன் வைத்தான், என் இலையைத் தாண்டிப் போனான், பிறகு திரும்பி வந்து பெரிய துண்டாக ஒன்றை வைத்துவிட்டுப் போனான். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்கள் கலைந்தபின் மாடிக்கு வந்தான்.

"இன்னும் தெரியுதா?"

லேப்டாப்பைத் திறந்து அவன் பக்கம் திருப்பினேன். புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது. கடைசிச் செய்தி காலையில் பூசை நேரத்தில் வந்திருந்தது. கோட்டிலிருந்து வெகு தூரம்.

"இதுக்கு மேல நம்ம ஏரியலுக்கு எட்டாதுண்ணே."

விரலால் கோட்டைத் தொட்டான், பிறகு புள்ளியைத் தொட்டான், நடுவில் இருந்த தூரத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தான்.

"நேத்து காட்டிருந்தியன்னா போயிருப்பேன்."

"தெரியும்."

"போயிருக்க முடியும்னுதான் இப்பவும் தோணுது."

கீழே மதினியின் போன் அரிசி வாளிக்குள் புதைந்து கிடந்தது. ஒரு நாளாகியும் உயிர் வரவில்லை என்று அவள் யாரிடமோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அங்கன எவனாச்சும் எடுத்துருப்பான்" என்றான் அண்ணன். "பெட்டியத் தெறந்தா மாதா இருப்பாக. நம்மாளுக வலைன்னு தெரிஞ்சுக்குவான்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சு என்ன. அம்புட்டுச் சொறியையும் அவந்தான கழுவணும். கழுவக் கழுவத் திட்டுவான். தமிழ்லதான் திட்டுவான்."

எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் இறங்கினான். பாதிப் படியில் நின்று, மேலே பார்க்காமலே கேட்டான்.

"அடுத்த பெட்டி எப்ப முடிப்ப?"